களையான தோட்டம்

"அம்மா, இன்னைக்கும் பிஞ்செல்லாம் வெம்பி விழுந்துட்டு" என்றார் தங்கப்பழம்.

உருத்திராக்க மாலையை உருட்டிக்கொண்டிருந்த சிவஞானத்தம்மாள் கண் திறந்தார்.

"தண்ணி விட்டீங்களா, அண்ணாச்சி?"

"விட்டேன்."

"எரு?"

"அதுவும் வச்சேன். பூ அள்ளிக் கொட்டுது. காய்தான் நிக்க மாட்டேங்குது."

தங்கப்பழம் டவுனில் லாட்ஜ் நடத்தியவர். பிள்ளைகளுக்கு ஒரு வழி செய்துவிட்டு, காவி வேண்டும் என்று இந்த மலையடி மடத்துக்கு வந்திருந்தார். வயதில் அம்மாளுக்கு மூத்தவர். ஆனாலும் அம்மாள்தான் அவருக்குக் குரு.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி கேட்டு வருகிறவர், தாம் வளர்த்த பூசணியைச் சமைத்து, குருபூசைப் பந்தியில் தம் கையாலேயே பரிமாற வேண்டும். அதற்குப் பிறகுதான் காவி.

தோட்டத்தை ஒப்படைத்த அன்று அம்மாள் சொன்னது ஒன்றுதான்.

"தோட்டம் களையோட இருக்கணும், அண்ணாச்சி."

அதற்கென்ன என்று தங்கப்பழம் தலையாட்டினார். லாட்ஜில் ஒரு தூசி கண்டால் உறங்காத மனிதர். அன்று குனிந்தவர்தான். தும்பை, குப்பைமேனி, மூக்குத்திப்பூ, புல் பூண்டு எதையும் விட்டுவைக்கவில்லை. பூசணிக் கொடியும் மண்ணும் மட்டும்தான் மிச்சம். தரை, கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆயிற்று.

இப்போது குருபூசை நெருங்கிவிட்டது.

மடப்பள்ளியிலிருந்து, அங்கே சமைக்கும் பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி தோட்டத்துல வெறுந்தரையிலயே இலை போட்டுப் பந்தி வைக்கலாம், அம்மா. அவ்வளவு சுத்தம். இலையில வைக்கத்தான் ஒண்ணும் இல்ல."

தங்கப்பழம் தலையைக் குனிந்துகொண்டார்.

"விடிஞ்சதும் வாரேன்" என்றார் அம்மாள்.

*

விடிந்தது. பூசணிப் பூக்கள் மஞ்சள் மஞ்சளாக விரிந்திருந்தன.

"உட்காருங்க. கண்ணை மூடுங்க" என்றார் அம்மாள். "என்ன கேக்கு?"

தங்கப்பழம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தியானம் சொல்லித் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமே கேக்கலம்மா. நல்ல அமைதி." அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. "மனசு அடங்கிட்டு போல."

அம்மாள் பூக்குடலையை எடுத்துக்கொண்டார்.

"பூசைக்குத் தும்பை வேணும். ஓடைக்கரைக்குப் போயிட்டு வருவோம்."

"அவ்வளவு தூரமா?"

"நம்ம தோட்டத்துல இருந்ததைத்தான் காணோமே."

*

ஓடைக்கரை முழுக்கத் தும்பை வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது.

"இங்கயும் கண்ணை மூடுங்க."

மூடினார். மூடின வேகத்தில் திறந்தார்.

"அம்மா, ஒரே இரைச்சல்! தேனீ! கொட்டிரப் போகுது."

"உங்களை ஏன் கொட்டுது? அதுக்கு ஆயிரம் சோலி கெடக்கு."

அம்மாள் குனிந்து, பூவுக்குப் பூ விட்டு விட்டுப் பறித்தார். குடலையின் அடி நிறைந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"போதும். மிச்சம் அதுகளுக்கு."

பிறகு கேட்டார்:

"பூசணிப் பூ எவ்வளவு நேரம் விரிஞ்சிருக்கும், அண்ணாச்சி?"

"விடியக்காலம் விரியும். வெயில் ஏறினா சுருங்கிரும்."

"ம்."

அம்மாள் குடலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"உங்க லாட்ஜுல சாப்பாடு உண்டா?"

தங்கப்பழத்துக்கு ஆச்சரியம். அம்மாள் இதுவரை அவருடைய லாட்ஜைப் பற்றிக் கேட்டதே இல்லை.

"கீழேயே ஹோட்டல் வச்சிருந்தோம், அம்மா. மூணு வேளையும் உண்டு. காலையில ஒரு வாய் காப்பியைக் குடுத்துட்டுப் பகலெல்லாம் பட்டினி போட்டா, எவன் வந்து தங்குவான்? பக்கத்துத் தெருவுக்குல்லா..."

பாதியில் நின்றது பேச்சு.

ஒரு தேனீ தும்பையை விட்டு எழுந்து அடுத்த தும்பையில் உட்கார்ந்தது. தங்கப்பழம் அதைப் பார்த்தார். திரும்பி மடம் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"சிவசிவா" என்றார்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். ஒரு தும்பைக் கன்றை வேர் அறாமல் விரலால் தோண்டி, மண்ணோடு எடுத்துத் தோள்துண்டில் வைத்தார். பிறகு இன்னொன்று.

"குருபூசை வருதே, அண்ணாச்சி?"

"வரட்டும், அம்மா. இந்த வருசம் பந்தியில தண்ணி ஊத்துதேன். காவிக்கு என்ன அவசரம். தேனீ வந்தாத்தான காய் நிக்கும். மொதல்ல இதுகளைக் குடியேத்தணும்."

அம்மாள் துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

இருவரும் நடந்தார்கள். மடத்து வாசல் வந்ததும் தங்கப்பழத்துக்குத் தாங்கவில்லை.

"ஒரு வார்த்தை மொதல்லயே சொல்லியிருக்கலாமே, அம்மா."

"சொன்னேனே."

"என்ன சொன்னீங்க?"

"தோட்டம் களையோட இருக்கணும்னு."