முதல் தாம்பூலம்

முன்னொரு காலத்தில், ஒரு பேரரசிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த புத்தம்புது ராஜ்ஜியம் ஒன்று இருந்தது. ராஜா மகிழ்மாறர் முடிசூடி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வடக்கு ராஜாவும் தெற்கு ராஜாவும் ஓயாமல் மோதிக்கொண்டிருந்த சமயத்தில், இவருக்குத் திடீரென்று ஓர் ஆசை. "நாம் எவர் பக்கமும் இல்லை" என்று ஊரெங்கும் முரசறையச் செய்துவிட்டார்.

அடுத்த வாரமே இரு நாட்டுத் தூதர்களும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். சபையில் முதல் தாம்பூலம் யாருக்கோ, அவர் நண்பர். மற்றவர் பகைவர். அந்தக் காலத்து வழக்கம் அது.

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. அரண்மனை விகடகவி பிச்சாண்டி மேல் நெடுநாள் பொறாமை கொண்டிருந்த தளவாய் வீரபாகு மெல்ல வாய் திறந்தார்.

"பிச்சாண்டி கையால் கொடுக்கச் சொல்லுங்கள் பிரபு. நாட்டிலேயே பெரிய அறிவாளி என்று தாங்கள்தானே சொல்வீர்கள்."

ராஜாவும் பிடித்துக்கொண்டார். "பிச்சாண்டி, இருவருக்கும் தாம்பூலம் தரவேண்டும். ஆனால் ஒருவருக்கு முந்தி மற்றவருக்குத் தரக்கூடாது. போர் மூண்டால் முதலில் உருள்வது உன் தலை."

நடுநிலை பிச்சாண்டிக்குப் புதிதல்ல. தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் பத்து வருடமாக அதைத்தான் கடைப்பிடிக்கிறான். பலன், இரண்டு பேருமே சோறு போடுவதில்லை. அறிவு கைகொடுக்காது, தன்னிடம் தாராளமாக இருப்பது வெட்கங்கெட்டதனம் ஒன்றுதான் என்று தெளிந்ததும், தட்டில் நான்கு வெற்றிலைச் சுருள்களை வைத்துக்கொண்டு சபைக்கு வந்தான்.

வந்தவன் முதல் சுருளை எடுத்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டான். தூதர்கள் இருவரும் கொதித்து எழுந்தார்கள்.

"பொறுத்தருள வேண்டும்" என்றான், மென்றபடியே. "ராஜ்ஜியமும் புதிது, வழக்கமும் புதிது. இங்கே முதல் தாம்பூலம் நாட்டின் மகா முட்டாளுக்கு. அது அடியேன். இரண்டாவது, எனக்கு அடுத்த முட்டாளுக்கு." தட்டைத் தளவாயிடம் நீட்டினான். "இப்படியே போய்க் கடைசித் தாம்பூலம், சபையிலேயே பெரிய அறிவாளிக்கு."

தளவாயின் முகம் கறுத்தது. மறுத்தால் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்ற குட்டு உடைந்துவிடும், போர் வந்துவிடும். வாங்கி மென்றார்.

மீதி இரண்டு.

"முதலில் அவருக்குக் கொடு" என்றார் வடக்குத் தூதர்.

"தாங்கள் வயதில் மூத்தவர், தாங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் தெற்குத் தூதர்.

வெகுநேரம் உபசாரம் நடந்தது. கடைசியில் ஒருவர் கையை மற்றவர் முறைத்துக்கொண்டே, இருவரும் ஒரே கணத்தில் எடுத்தார்கள்.

தூதர்கள் போனதும் ராஜா கேட்டார். "இரண்டு நாட்டார் முன்னால் உன்னையே மகா முட்டாள் என்று சொல்லிக்கொண்டாயே, மனம் வலிக்கவில்லையா?"

"சொன்னது வலிக்கவில்லை மகாராஜா. சபையில் முந்நூறு பேர் இருந்தார்கள். ஒருவராவது எழுந்து, அப்படியெல்லாம் இல்லை என்று மறுப்பார் என்று கொஞ்சநேரம் காத்திருந்தேன். அதுதான் வலித்தது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். ஆனால் அவரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.