கல்லின் மேல் விரித்த துணி

கோட்டையூர் அரசன் மாறவேளுக்கு இரண்டு பயங்கள் உண்டு. ஒன்று, செத்துப்போன பாட்டனார். இன்னொன்று, உயிரோடிருக்கும் மந்திரி மழவராயர்.

பாட்டனார் ஏரிக்கரையில் ஒரு கல் நட்டுப் போயிருந்தார். 'ஏரித் தண்ணீர் முதலில் உழவர் வயலுக்கு. இதில் ஓரெழுத்தை அழிப்பவன் வம்சம் அழியும்' என்று அதில் வெட்டியிருந்தது. மழவராயரோ கரைக்குக் கீழே புதிதாக வெற்றிலைத் தோட்டம் போட்டிருந்தார். நாட்டு நன்மைக்காகத்தான். மந்திரிகள் வேறு எதற்காகத் தோட்டம் போடுவார்கள்?

"கல்லில் கீறல் விழக்கூடாது. ஆனால் சட்டத்தை நாம் நினைத்தபடி மாற்ற வேண்டும். வழி சொல்" என்றான் அரசன், அவையில் விகடம் பேசிப் பிழைத்த காரியிடம்.

"சொல்லாவிட்டால் ஊரை விட்டுப் போ" என்றார் மழவராயர்.

காரியின் ஊரே அந்த ஏரிக்கரைதான். அண்ணன் தம்பிகள் நாற்று விட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.

மறுநாள் காரி ஒரு சல்லாத்துணியோடு வந்தான். கல்லின் மேல் அதை விரித்துக் கட்டினான். அடியிலிருந்த எழுத்து துணி வழியே தெளிவாகத் தெரிந்தது.

"வேண்டாத எழுத்தை மாவுப் பசையால் மறையுங்கள், மகாராஜா. வேண்டியதை அதன் மேல் மையால் எழுதுங்கள். தொடாத இடத்தில் பாட்டனார் பேசுவார், தொட்ட இடத்தில் நீங்கள் பேசுவீர்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகாது."

மழவராயர் பசையைத் தாமே வாங்கினார். 'உழவர் வயல்' மறைந்தது. 'மழவராயர் தோட்டம்' வந்தது.

"ஒரே ஒரு உத்தரவு வேண்டும்" என்றான் காரி. "துணி அழுக்கானால் வெளுக்கலாமா?"

"இதென்ன கேள்வி? பாட்டனார் மேல் அழுக்குத்துணியா கிடக்கும்? உடனே வெளுக்க வேண்டும்" என்றான் அரசன்.

மறுநாள் காலையில் மழவராயர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "தண்ணீர் வயலுக்குப் போகிறது, மகாராஜா. என் எழுத்தைக் காணோம்."

"துணி அழுக்காயிருந்தது, ஐயா. வெளுத்துக் கட்டினேன்" என்றான் காரி.

"என் ஆணை நிலைக்க வேண்டாமா?" என்றார் மழவராயர்.

"மாற்றத் தோதான சட்டம்தானே கேட்டீர்கள்? நிலைக்க வேண்டுமென்றால் கல்லில்தான் வெட்ட வேண்டும். உளி கொண்டு வரட்டுமா? சாபம் யார் வம்சத்துக்கு என்று மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்."

மழவராயர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். நஷ்டம் மந்திரிக்கு என்றால் எந்த அரசனுக்கும் சிரிப்பு வரும்.

"என்ன பரிசு வேண்டும், காரி?"

"பொன் வேண்டாம், மகாராஜா. துணியில் எது அழுக்கு என்று சொல்லும் உரிமையை எங்கள் ஊருக்குக் கொடுங்கள்."

அரசன் சிரித்த வேகத்தில் கொடுத்துவிட்டான். மழவராயர் விடாமல் எழுதினார். ஊரும் விடாமல் வெளுத்தது. அன்றுமுதல் அந்த ஏரித் தண்ணீர் முதலில் துணிக்குப் போனது, பிறகு வயலுக்குப் போனது. தோட்டத்துக்கு மட்டும் போகவேயில்லை.