பின் சீட்டின் பட்டைகள்

விமானத் தளத்தின் மதிலுக்கு வெளியே ஐசக் பொன்னையாவின் வீடு இருந்தது. வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட். அதில் கார் கிடையாது. பழைய பயிற்சி ஜெட் ஒன்றின் பின் சீட்டு இருந்தது.

அந்த ஜெட்டை உடைத்து இரும்புக்குப் போட்டபோது பொன்னையா சீட்டை மட்டும் கேட்டு வாங்கி வந்தார். ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் வெடியை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். பட்டைகள் ஐந்தும் அப்படியே இருந்தன. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைகளுக்கு நடுவே ஒன்று. பொன்னையா அதில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார்.

விமானப்படையில் அவர் இரண்டு வேலை செய்தவர். முதலில் எதிரியாகப் பறந்தார். சண்டை பழகுவதற்கு ஒரு எதிரி வேண்டும். நம் ஆட்களே வேறு ஒரு வேகமான ஜெட்டில் ஏறி, எதிரி பறப்பதைப் போலவே பறந்து, நம் ஆட்களைத் துரத்துவார்கள். பிறகு அவர் பயிற்சி ஜெட்டின் பின் சீட்டுக்கு வந்தார். ஓய்வு பெறும் வரை கற்றுக்கொடுத்தார்.

பயிற்சி ஜெட்டுக்கு விமானிகள் வைத்த பெயர் கழுதை. எப்படி உதைத்தாலும் பொறுத்துக்கொள்ளும். எதிரி ஜெட்டுக்கு மாப்பிள்ளை என்று பெயர். நினைத்த நேரத்தில் வரும். வந்தால் எல்லோரும் எழுந்து ஓட வேண்டும்.

ஞாயிறு மாலைகளில் சந்தானகிருஷ்ணன் ஒரு பிளாஸ்க் நிறைய டீயோடு வருவார். அவரும் பழைய விமானி. பொன்னையாவின் வயதுதான். டீயை எப்போதும் அவரே ஊற்றுவார்.

அதற்குக் காரணம் இருந்தது. பயிற்சிச் சண்டையில் எதிரியின் கேமராவில் யாருடைய விமானம் விழுகிறதோ அவன் செத்ததாகக் கணக்கு. அன்று மாலை மெஸ்ஸில் செத்தவன் கொன்றவனுக்கு டீ ஊற்ற வேண்டும். பொன்னையா ஒருநாளும் யாருக்கும் ஊற்றியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விங் கமாண்டர் திருமாறன் வந்தார். ஒரு காலத்தில் பொன்னையாவின் முன் சீட்டில் உட்கார்ந்து பறக்கக் கற்றவர். இப்போது அதே தளத்தில் கற்றுக்கொடுக்கிறார். காதோரம் நரைத்துவிட்டது.

"வாங்க வாத்தியாரே" என்றார் சந்தானம். "உட்காருங்க. செத்தவன் டீ ஊத்தறேன்."

"இன்னுமா சார் நீங்க ஊத்துறீங்க?"

"கடைசிச் சண்டையில செத்தது நான்தானே. மறுநாளே மாப்பிள்ளையை ஓரங்கட்டிட்டா. பழி வாங்கலாம்னா விமானம் இல்லை. ஆயுள் தண்டனை."

"வெயிலுக்குள்ள ஒளிஞ்சு வந்தேன்" என்றார் பொன்னையா. "இவர் கீழே மேயுற ஆட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தார்."

"ஆடு இல்லை ஓய். எருமை."

"எருமைக்கே அவ்வளவு மரியாதையா?"

"சொந்தக்காரா மாதிரி இருந்தது. உம்ம முகஜாடை."

இருவரும் சிரித்தார்கள். திருமாறன் சிரிக்கவில்லை. டம்ளரைக் கையில் வாங்கினார். குடிக்காமல் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை திரும்புறப்போ ஒரு சத்தம் போடும், கேட்டிருக்கியா மாறா?" என்றார் சந்தானம். "புதுத் துணியைக் கிழிக்கற மாதிரி. அந்தச் சத்தம் காதுல விழுந்தா நீ ஏற்கெனவே செத்தாச்சுன்னு அர்த்தம்."

"கழுதைதான் நல்ல ஜாதி" என்றார் பொன்னையா. "கையை எடுத்துட்டாலும் தானாப் பறக்கும்."

"எப்பவும் இல்லை சார்" என்றார் திருமாறன்.

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், நாளைக்கு ஒரு பொண்ணைத் தனியாப் பறக்க அனுப்பணும்."

"பேர் என்ன?" என்றார் பொன்னையா.

"ஜெஸ்லின்."

"தயாரா இருக்காளா?"

"இருக்கா. நான்தான் இல்லை. இன்னிக்கு ராத்திரிக்குள்ள எங்க மேலதிகாரி சி.ஓ.கிட்ட சொல்லிடப் போறேன். இனிமே நான் யாருக்கும் கத்துக்கொடுக்க மாட்டேன்னு."

ஏன் என்று இருவரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியும். போன மாதம் திருமாறனின் மாணவன் பிரணீத் முதன்முறையாகத் தனியாகப் பறந்தான். நன்றாகத்தான் மேலே ஏறினான். முதல் திருப்பத்தில் மூக்கு கீழே சாய்ந்தது. சாய்ந்த மூக்கு நிமிரவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் சோளக்காட்டில் விழுந்தான்.

"விசாரணையில என்ன முடிவாச்சு?" என்று பொன்னையா கேட்டார்.

"காரணம் தெரியலைன்னு முடிச்சிட்டாங்க. இன்ஜின்ல குத்தம் இல்லை. பறவை அடிச்ச அடையாளம் இல்லை. பின் சீட்டு எரிஞ்சு போச்சு."

பொன்னையா தலையை ஆட்டினார்.

அந்த ஜெட்டில் மாணவன் முன்னால் இருப்பான், ஆசிரியர் பின்னால். விமானத்தை நடத்தும் ஸ்டிக் இரண்டு பேருக்கும் உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். ஒன்று சிக்கினால் மற்றதும் சிக்கும். மாணவன் தனியாகப் போகும் நாளில் ஆசிரியர் இறங்கியதும் காலியான பின் சீட்டின் பட்டைகளைப் பூட்டி, இறுக்கி, தொங்கும் நுனிகளைச் செருகிக் கட்ட வேண்டும். ஒரு பட்டை அவிழ்ந்து கிடந்தால் திருப்பத்தில் அது ஸ்டிக்கில் மாட்டிக்கொள்ளலாம். முன்னால் இருப்பவனால் திரும்பிப் பார்க்க முடியாது. கை எட்டாது.

மற்ற இடங்களில் மெக்கானிக் கட்டுவார். பொன்னையாவிடம் கற்றவர்கள் அதை யாரிடமும் விடமாட்டார்கள். இறங்குகிறவன்தான் கட்ட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர்கள் கட்டிய சீட்டில் மெக்கானிக் கை வைப்பதில்லை. அது மரியாதைக் குறைவு.

"பட்டை கட்டினீங்களான்னு கேட்டாங்க" என்றார் திருமாறன். "கட்டினேன்னு சொன்னேன்."

"கட்டினியா?" என்றார் பொன்னையா.

"தெரியலை சார்."

சந்தானம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கட்டாம ஒரு நாளும் இறங்கினதில்லை. ஆனா அன்னிக்குக் கட்டினது நினைவுல இல்லை. தகரம் மாதிரி அடிச்ச வெயில் நினைவிருக்கு. அவன் கண்ணாடி வழியா என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினது நினைவிருக்கு. பட்டை மட்டும் இல்லை. எத்தனை தடவை யோசிச்சாலும் நான் ஏணியில இறங்கிக்கிட்டு இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லை."

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"உங்ககிட்ட செத்தவங்க பக்கத்துல உட்கார்ந்து டீ ஊத்துறாங்க சார். என்கிட்ட..."

டம்ளரை நகர்த்தி வைத்தார். "நான் கட்டினேனா? அதை மட்டும் யாராவது சொன்னாப் போதும். கட்டலைன்னு சொன்னாலும் போதும்" என்றார்.

பொன்னையா சீட்டைவிட்டு எழுந்தார்.

"கட்டு" என்றார்.

"என்ன சார்?"

"இந்தச் சீட்டைக் கட்டு. ஜெஸ்லின் முன்னால உட்கார்ந்திருக்கா. நீ இறங்கப் போற."

திருமாறன் சீட்டின் பக்கம் குனிந்தார். பட்டைகளைக் கையில் எடுத்தார்.

"பையனோட அப்பா வந்தாரா?" என்று பின்னாலிருந்து பொன்னையா கேட்டார்.

"வந்தார் சார். கடப்பாக்காரர். ஸ்கூல் வேன் ஓட்டுறவர்."

"என்ன கேட்டார்?"

"ஒண்ணுதான் கேட்டார். சாப்பிட்டுட்டு ஏறினானான்னு."

"சாப்பிட்டானா?"

"சாப்பிடலை. பயத்துல வேண்டாம்னுட்டான். ரெண்டு இட்லி சாப்பிட்டான்னு சொன்னேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்னு சொன்னார்."

திருமாறன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பொன்னையா கொடியில் கிடந்த போர்வையை எடுத்துச் சீட்டின் மேல் போட்டார். பட்டைகள் எல்லாம் மறைந்தன.

"டீ ஆறுது. குடி."

திருமாறன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார்.

"வலது இடுப்புப் பட்டையோட நுனியைச் செருகினியா?" என்று பொன்னையா கேட்டார்.

"செருகியிருப்பேன் சார்."

"செருகினியா?"

திருமாறன் வலது கையைக் காற்றில் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். விரல்கள் செருகுவது போல மடங்கின. பிறகு நின்றன.

"இப்பத்தானே கட்டினேன்" என்றார்.

"ஆமா. இப்பத்தான்."

"நீங்க பையனோட அப்பாவைப் பத்திக் கேட்டீங்க."

"அன்னிக்குப் பிரணீத் கட்டை விரலைக் காட்டினான்."

தளத்துக்குள் எங்கோ ஒரு இன்ஜினைச் சோதித்துப் பார்த்தார்கள். சத்தம் ஏறி, இறங்கி, அடங்கியது.

"வேணும்னா போர்வையைத் தூக்கிப் பாரு" என்றார் பொன்னையா.

திருமாறன் எழுந்து போர்வையின் ஓரத்தைப் பிடித்தார். வெகு நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விட்டுவிட்டார்.

"பார்த்தா இதுதான் தெரியும். அது தெரியாது."

"உட்காரு."

உட்கார்ந்தார்.

"உன்னை முதல்ல தனியா அனுப்பின அன்னிக்கு நான் கட்டினேனா?"

"கட்டியிருப்பீங்க சார்."

"எனக்குத் தெரியாது."

திருமாறன் நிமிர்ந்து பார்த்தார்.

"நூத்திப் பதினாலு பேரை அனுப்பியிருக்கேன். ஒருத்தருக்குக் கட்டினதும் நினைவில்லை. நீ மேலே போய்ச் சுத்திட்டு, கோணலா வந்து இறங்கின. ஓடுபாதையில மூணு தடவை குதிச்ச. எல்லாரும் கைதட்டினாங்க. கட்டினேனான்னு யாரும் கேட்கலை. நானும் கேட்டுக்கலை."

"அப்ப நீங்களும் நானும் ஒண்ணா சார்?"

"ஒண்ணுதான்."

"வித்தியாசமே இல்லையா?"

"இருக்கு" என்றார் பொன்னையா. "பிரணீத்."

சந்தானம் எழுந்து ஷெட்டின் வாசலுக்குப் போனார். வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் சோளக்காட்டைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் மட்டும் சோளம் இல்லை.

"நான் விட்டுட்டுப் போறது சரிதான் சார்" என்றார் திருமாறன். "இதுக்கு மேல என்ன இருக்கு?"

"நீ போனா ஜெஸ்லினோட சீட்டை யார் கட்டுவா?"

"என்கூடக் கத்துக்கொடுக்குற பருவா கட்டுவான். இல்லைன்னா வேற யாராவது."

"கட்டினது அவனுக்கு நினைவிருக்குமா?"

"அவன் இதையெல்லாம் யோசிக்கவே மாட்டான். விசில் அடிச்சுக்கிட்டே கட்டுவான்."

"நீ கட்டினா?"

திருமாறன் யோசித்தார்.

"நாளைக்கு நினைவிருக்கும் சார். ஒவ்வொண்ணாத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிக் கட்டுவேன். பயத்துல நினைவிருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"சில மாசம். ஒரு வருஷம்னே வச்சுக்குங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வாய் ஒண்ணு சொல்லும், கை தானாக் கட்டும். பழையபடி ஆயிடும்."

"அன்னிக்கு அனுப்பாதே."

"அந்த நாள் வந்துடுச்சுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

பொன்னையா பதில் சொல்லவில்லை.

திருமாறன் காத்திருந்தார். தளத்தின் சங்கு ஊதி ஓய்ந்தது. பொன்னையா போர்வை மூடிய சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தானம் வாசலிலிருந்து திரும்பி வந்தார். திருமாறனின் டம்ளரில் மிச்சம் இருந்த ஆறிப்போன டீயை வெளியே கொட்டிவிட்டு, பிளாஸ்கை எடுத்தார்.

பொன்னையா கையை நீட்டினார்.

சந்தானத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு பிளாஸ்கைக் கொடுத்தார்.

பொன்னையா மூடியைத் திருகினார். டீ டம்ளருக்குள் கொஞ்சமும் தரையில் கொஞ்சமும் விழுந்தது. டம்ளர் நிறையும் வரை ஊற்றினார். அதை இரண்டு கைகளாலும் எடுத்துத் திருமாறனின் முன்னால் வைத்தார்.

"குடிச்சுட்டுப் போய்ப் படு" என்றார். "காலையில அஞ்சு பட்டை கட்டணும்."