எட்டாவது கட்டை

பத்தாள் உயரத் தேர் அசைந்து வரும்போது, உருளும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டை போட்டுவிட்டு விலகுகிறவர் திருமேனி. தேர் திரும்புவதும் நிற்பதும் அவர் கையில். வயது முப்பத்தொன்றுதான். அந்த ஊரில் தேரைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. நான் அவரைப் பார்க்கத்தான் போவேன்.

அவருடைய சீடருக்கு ஐம்பத்தாறு வயது. கோதண்டம் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். பிரேக்கை அழுத்தினால் எதுவும் நிற்கும் என்று நம்பியவர்.

போன வருடம் தெற்கு வீதி இறக்கத்தில் வலது சக்கரம் அவர் பொறுப்பு. கருங்காலியில் சொந்தச் செலவில் செய்த பெரிய கட்டையை நச்சென்று வைத்தார். தேர் நின்றது. மேலே தீபத்தட்டோடு இருந்த குருக்கள் நிற்கவில்லை. அலங்காரத் துணியைப் பிடித்துத் தொங்கியவரை நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

இன்னொரு முறை இப்படி ஆனால் கோதண்டம் கட்டையைத் தொடவே கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இந்த வருடம் தேருக்கு ஒரு வாரம் முன்பு திருமேனியிடம் வந்தார்.

"வாத்தியாரே, போன வருசம் தேர் நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சுண்ணே."

"பின்னே என்மேல என்ன தப்பு?"

திருமேனி ஒரு செம்பில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"நேரா ஓடுங்க. நான் 'நில்லு'ன்னா அந்த இடத்திலேயே நில்லுங்க."

கோதண்டம் ஓடினார். "நில்லு!" என்றதும் ஆணி அடித்தாற்போல் நின்றார். பாதித் தண்ணீர் எகிறி முன்னால் தெருவில் விழுந்தது.

"நான் நின்னுட்டேனே?"

"நீங்க நின்னீங்க. தண்ணிகிட்ட யாருண்ணே சொன்னது?"

கோதண்டம் செம்பைப் பார்த்தார். "குருக்கள்கிட்டயும் யாரும் சொல்லல" என்றார்.

தேரன்று திருமேனி அவரிடம் எட்டுக் கட்டைகள் கொடுத்தார். ஏழு, லேசான இலவ மரத்தில் செதுக்கியவை. எட்டாவது மட்டும் புளிய மரம்.

"இதெல்லாம் சக்கரத்துக்குத் தாங்காதே, வாத்தியாரே."

"தாங்காது."

"அப்புறம் எதுக்கு?"

"நான் இடது பக்கம் போடுறப்ப நீங்க வலது பக்கம் போடுங்க. வேற ஒண்ணும் யோசிக்காதீங்க."

தெற்கு வீதியில் தேரை அசைக்க முதலில் ஐந்நூறு பேர் தேவைப்பட்டார்கள். வடம் விண்ணென்று இழுபட்டது. தேர் இம்மிகூட நகரவில்லை. பின்னாலிருந்து நெம்பிய பிறகுதான் மனசு வைத்தது. இறக்கம் வந்ததும் கதையே வேறு. வடம் தொய்ந்தது. யாரும் இழுக்கவில்லை, தேர் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மூலையில் இருந்த வீட்டு மாடியில் சனங்கள் கைகூப்பி நின்றார்கள். மேலே அதே குருக்கள்.

"போடுங்கண்ணே!"

கோதண்டம் முதல் கட்டையைப் போட்டார். சக்கரம் அதன்மேல் ஏறி, நொறுக்கிவிட்டு இறங்கியது.

"போச்சு வாத்தியாரே!"

"போறதுக்குத்தான் போட்டது. அடுத்தது!"

இரண்டாவதும் சிம்பு சிம்பாகப் போனது. மூன்றாவது போனது. ஆனாலும் திருமேனி குனியும்போதெல்லாம் கோதண்டமும் குனிந்தார். ஐந்தாவதில் சக்கரம் ஏறத் தயங்கியது. ஏழாவது நொறுங்கவில்லை, நசுங்க மட்டும் செய்தது. எட்டாவதில் தேர் வந்து சாய்ந்து நின்றது.

மேலே கற்பூரம் நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது. குருக்கள் எட்டிப் பார்த்து, "ஏன்ப்பா, மூலை வந்துடுத்தா?" என்று கேட்டார்.

கோதண்டம் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார். ஐம்பத்தாறு வயது மனிதர் அப்படி அழுததைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

தேரை நிறுத்திய கட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது அங்கே வழக்கம். கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டாவது கட்டைக்குப் பக்கத்தில் போய்க் காத்து நின்றார். திருமேனி சந்தனக் கிண்ணத்தோடு அவரைத் தாண்டி, தேர் வந்த வழியே மேட்டை நோக்கி நடந்தார். தெருவில் சிதறிக் கிடந்த சிம்புகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டு வைக்கத் தொடங்கினார்.

"வாத்தியாரே, நிறுத்தினது இங்க இருக்கு!"

திருமேனி தலை நிமிரவில்லை.

"அதுகிட்ட தேர் வந்து சேர்றப்ப, நிறுத்துறதுக்கு என்னண்ணே மிச்சம் இருந்துச்சு?"