பூனை மூடி மறைத்த சங்கதி

அந்தக் காலத்தில் நாயும் பூனையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசும். பேசத் தெரிந்து என்ன பயன்? பேச வேண்டிய நேரத்தில் பூனை வாயைத் திறக்கவில்லையே!

ஒச்சம்மா என்பவள் வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் வளர்ந்தன. ஒருநாள் நாய் அவளிடம் வந்து, "ஆத்தா, வெளிக்குப் போனா புழுவா நெளியுது" என்று பட்டென்று சொல்லிவிட்டது. அவள் வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி அதன் வாயில் திணித்தாள். நாய்க்குக் குணமாகிவிட்டது.

பூனை விழுந்து விழுந்து சிரித்தது. "நாள் பூரா உடம்ப நக்கிச் சுத்தமா இருக்கிறவ நான். எனக்கெல்லாம் புழு வருமா?" என்றது.

வந்தது. எலியைத் தின்றால் எலி வயிற்றில் இருந்ததும் சேர்ந்துதானே வரும்! பூனைக்கு விலா எலும்பு தெரிந்தது, வயிறு மட்டும் பானையாய் உப்பியது. ஒருநாள் கொல்லையில் வெளிக்குப் போனபோது வெள்ளை வெள்ளையாக நெளிவதைப் பார்த்துத் திடுக்கிட்டது. சிரித்த வாயால் இதை எப்படிச் சொல்வது? நாய் பார்த்துவிடப்போகிறதே என்று பரபரவென்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டது.

"இப்பத்தானடி தின்ன! எங்கடி போகுது அம்புட்டும்?" என்று ஒச்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல ஆத்தா. எலி பிடிச்ச அலுப்பு, பசிக்குது."

அதோடு போயிற்றா? பூனை குட்டி போட்டது. பாலோடு பாலாகப் புழு குட்டிக்கும் போனது. குட்டி எழுந்து நிற்க முடியாமல் சுருண்டு கிடந்தது. தாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து அழுதது. அப்போதாவது சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை.

நல்ல வேளை, குட்டிக்கு மூடி மறைக்கத் தெரியாது. அடுப்படியிலேயே போய்வைத்தது. திட்டிக்கொண்டே கழுவ வந்த ஒச்சம்மா, அதில் புழு நெளிவதைப் பார்த்தாள். உடனே வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தாள். குட்டி பிழைத்தது.

"பிள்ளை சாகக் கிடந்துச்சேடி, பாவி! உனக்கும் இருக்கா? வாயத் திற!" என்று மிச்ச உருண்டையை நீட்டினாள்.

"எனக்கா? சேச்சே!" என்ற பூனை, குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு கொல்லைக்கு ஓடியது. பிழைத்து வந்த பிள்ளைக்கு அது சொல்லிக்கொடுத்த முதல் பாடம், குழி தோண்டி மூடுவது.

அன்று முதல்தான் பூனைகள் குட்டியிலேயே மண்ணைத் தள்ளி மூடப் பழகுகின்றன. தின்ற வாய் காயுமுன்னே நம் காலைச் சுற்றிக் கத்துகின்றன. உடம்புக்கு என்ன என்று கேட்டால் மட்டும், இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நக்கத் தொடங்கிவிடுகின்றன.