கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்

பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கிய சடையன் பாதியிலேயே பேச்சை நிறுத்திவிட்டான். மேலே நின்றவர்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. முனி அடித்துவிட்டது என்றது ஊர்.

மலையடியில் பாடசாலை நடத்திவந்த தில்லைநாயகியின் காதுக்குச் செய்தி எட்டியது. தன் மாணாக்கர் சாத்தையாவை அனுப்பினாள். சாத்தையா அவளைவிட மூத்தவர். மரம் அறுத்துப் பிழைத்துவிட்டு, நரை விழுந்த பிறகு படிக்க வந்தவர்.

"இன்னொரு ஆள் இறங்கிடக் கூடாது. விளங்கச் சொல்லிட்டு வாங்க."

சாத்தையா போய்ச் சொன்னார். முனியுமில்லை, பேயுமில்லை, அடியில் கிடப்பது கெட்ட காற்று, கனமான காற்று, கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கிறது, அதை மூச்சாக இழுத்தால் ஆள் காலி. ஊரே தலையாட்டியது. நெஞ்சு நிறைந்து திரும்பினார்.

மறுநாள் உச்சி வெயிலில் தில்லைநாயகியும் அவரும் கிணற்றடிக்குப் போனார்கள். கூட்டம் இருந்தது, சத்தம் இல்லை. ஒரு காக்கைகூடக் கரையவில்லை.

விளிம்பில் இருளப்பன் நின்றான். ஏரியில் முங்கி மடை திறக்கிறவன். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்கியது.

"என்னப்பா பண்றே?" என்றார் சாத்தையா.

"சடையனை எடுக்கப் போறேன் வாத்தியாரே. பாவம், அவனுக்கு முங்கத் தெரியாது. எனக்குத் தெரியும்ல."

"கெட்ட காத்துடா அது!"

"கனமான காத்து," என்றாள் சடையன் பெண்டாட்டி வெள்ளையம்மா. அவள் கண் ஈரமில்லாமல் இருந்தது. "கண்ணுக்குத் தெரியாத தண்ணி மாதிரி தேங்கி நிக்குது."

பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒரே குரலில். 'தேங்கி' என்ற இடத்தில் சாத்தையா கொஞ்சம் இழுப்பார். அந்த இழுப்பும் அப்படியே இருந்தது.

சாத்தையா ஓடிப்போய் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதி ஆழத்தில், யாரோ விரலால் நசுக்கியதுபோல் சுடர் அணைந்தது. புகை மேலே வரவில்லை. பாய் விரித்தாற்போல் அங்கேயே படுத்துக் கிடந்தது.

"பார்த்தியா?"

"பார்த்தேன்." இருளப்பன் சிரித்தான். "தண்ணிக்குள்ள விளக்கு எரியுமா? நீங்க சொன்னது அச்சு அசல் சரி."

சாத்தையா மேலும் விளக்கினார். விளக்க விளக்க எல்லாரும் தலையாட்டினார்கள்.

தில்லைநாயகி இருளப்பன் பக்கத்தில் போய் நின்றாள்.

"எப்படித் தம்பி இறங்குவே?"

"குதிச்சுத்தான்."

"கயிறு?"

"மடை திறக்கக் கயிறு கட்டிக்கிட்டா முங்குறேன்? மூச்சை அடக்கிக் குதிப்பேன். சடையனைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு உதை உதைச்சா மேல வந்துடுவேன்."



இருளப்பன் இடுப்பில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கியது. "இது எதுக்கு?" என்றாள்.

"அசந்துட்டா மிதக்க வைக்கும்."

"குடு."

வாங்கிக் கிணற்றுக்குள் போட்டாள்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். குடுக்கை புகையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பிறகு வெகு ஆழத்தில் அது உடையும் சத்தம்.

இருளப்பன் ஓரடி பின்னால் வந்தான். இன்னும் ஓரடி.

"மிதக்கலியே," என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளையம்மா அப்போதுதான் வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

கொக்கி போட்டுச் சடையனை மேலே எடுத்தார்கள். யாரும் இறங்கவில்லை.

திரும்பும் வழியில் சாத்தையா கேட்டார்.

"எந்தச் சொல்லும்மா தப்பு? சொல்லுங்க, எடுத்துடறேன்."

"சொல் ஒண்ணும் தப்பில்லை."

"பின்னே?"

"நீங்க பேசி முடிச்சதும் புறப்பட்டு வந்துட்டீங்க. அதுக்கப்புறம்தான் அவங்களுக்குள்ள அந்தச் சொல் பேச ஆரம்பிச்சுது." அவள் நடையை நிறுத்தினாள். "திரும்பிப் போங்க. இன்னும் என்னென்ன பேசிக்கிட்டிருக்குன்னு உட்கார்ந்து கேட்டுட்டு வாங்க."