ஊருணித் தண்ணீருக்கு முதல் மரியாதை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஆவாரங்கோட்டை என்கிற நாட்டை அலங்கார பூபதி என்கிற ராஜா ஆண்டு வந்தான். ஆண்டு வந்தான் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். பெரும்பாலும் குளித்துக்கொண்டிருந்தான். காலையில் எண்ணெய்க் குளியல், மத்தியானம் பன்னீர்க் குளியல், சாயங்காலம் சும்மா ஒரு குளியல். அதற்கென்று அரண்மனையில் புதிதாக ஒரு மண்டபமே கட்டினான்.

மண்டபம் கட்டியாயிற்று, குளித்த தண்ணீர் எங்கே போவது? மந்திரி பிச்சாண்டியார், "தென்னந்தோப்புக்கு வாய்க்கால் வெட்டுவோம்" என்றார். வெயிலில் நின்று வெட்டு வேலையைப் பார்க்கவேண்டியவர் தளவாய் உடையப்பன். அவருக்கு ஏற்கெனவே மந்திரியைக் கண்டால் ஆகாது. திருவிழாவில் ராஜாவுக்கு அடுத்த பரிவட்டம் மந்திரிக்குத்தான் என்பதில் வயிறு எரிந்துகொண்டிருந்த மனிதர்.

"மன்னா! தங்கள் திருமேனி தொட்ட நீர் கங்கைக்குச் சமம். அதைத் தென்னைமரத்துக்கா ஊற்றுவது? ஊருணியில் விடுவோம். குடிமக்கள் குடித்துப் புண்ணியம் தேடிக்கொள்ளட்டும்" என்றார் உடையப்பன்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊர் முழுக்கக் குடிக்க இருந்தது அந்த ஒரே ஊருணிதான். அரண்மனைக்குத் தனிக் கிணறு. அதனால் அவனுக்கு உறைக்கவில்லை. வழி ஒன்று திறந்ததும் சமையல்கட்டுக் கழுநீர், யானைக் கொட்டில் மூத்திரம் எல்லாம் அதே வழியாக வந்து 'கங்கை'யில் கலந்தன. போதாக்குறைக்கு உடையப்பன் ராஜாவிடம் ஓர் ஆணையும் வாங்கினார்: அந்தத் தீர்த்தம் நாறுகிறது என்று யார் சொன்னாலும் தலை போகும்.

ஊரெல்லாம் வாந்தியும் பேதியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆப்பக்காரி அழகாத்தாள் மட்டும் திறந்தாள். அவள் மகள் பாயோடு பாயாகக் கிடந்தாள். தாய் மனசு பொறுக்குமா? "குடிக்கிற தண்ணியில யானை மூத்திரத்த விட்டுட்டு, இதுக்குப் பேரு தீர்த்தமாம்! நாறுதுய்யா, நாறுது!" என்று நடுச் சந்தையில் நின்று கத்திவிட்டாள். அன்றைக்கே அவளைச் சபைக்கு இழுத்து வந்துவிட்டார்கள்.

"சொன்னாயா?" என்றான் ராஜா.

"சொன்னேன் சாமி. எம் புள்ள சாகக் கெடக்கு. இந்தத் தலைய வச்சு நான் என்ன செய்யப் போறேன்?"

"தலையை வாங்குங்கள்!" என்றார் உடையப்பன், சந்தையில் முருங்கைக்காய் வாங்கச் சொல்வதுபோல.

பிச்சாண்டியாருக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காட்டிக்கொள்ளாமல் எழுந்தார்.

"வாங்கத்தான் வேண்டும், மன்னா. ஆனால் எப்பேர்ப்பட்ட தீர்த்தத்தைப் பழித்தோம் என்று இவளுக்குத் தெரியவேண்டாமா? சபையில் உள்ள நாங்கள் இவள் கண்முன்னே அதை அருந்துகிறோம். பார்த்து வெட்கப்படட்டும். என் மரியாதையை இன்று தளவாய்க்கே விட்டுக்கொடுக்கிறேன். முதல் செம்பு அவருக்கு!"

"பலே!" என்றான் ராஜா.

முதல் மரியாதை என்றதும் உடையப்பனின் மார்பு அங்கவஸ்திரத்துக்குள் அடங்கவில்லை. மேளம் கொட்டியது. பரிவட்டம் கட்டினார்கள். ஊருணியிலிருந்து நேராகக் கொண்டுவந்த வெள்ளிச் செம்பை நீட்டினார்கள். மூடியைத் திறந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஆகா, பக்திக் கண்ணீர்!" என்றார் பிச்சாண்டியார்.

"மந்திரியாரே... காலையில் கொஞ்சம் மோர் குடித்துவிட்டேன்..."

"கங்கைக்கும் மோருக்கும் என்ன பகை? மடக்கென்று குடியுங்கள். இல்லை, நாறுகிறதோ?"

உடையப்பனுக்கு வியர்த்தது. ஆமாம் என்றால் தலை போகும். குடித்தால் குடல் போகும். சட்டென்று ஒரு யோசனை வந்தது. "அபசாரம்! மன்னர் இருக்கும்போது முதல் செம்பு எனக்கா? மன்னருக்குத்தான்!" என்று அதை ராஜாவின் கையில் திணித்துவிட்டார்.

ராஜா மிடுக்காகச் செம்பை வாயருகே கொண்டுபோனான். அவ்வளவுதான். "சீச்சீ! என்ன இது, இப்படி நாறுகிறது!" என்று தூக்கி வீசினான்.



பிச்சாண்டியார் பணிவாகக் கேட்டார்: "தளவாயாரே, அந்த ஆணையில் 'யார் சொன்னாலும்' என்றுதானே இருக்கிறது?"

உடையப்பன் பரிவட்டத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராஜாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"பிச்சாண்டியாரே, என் தலையையா கேட்கிறீர்?"

"எனக்கு எதற்கு, மன்னா? என் தலையையே தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அந்த ஆணையை மட்டும் கொடுங்கள்."

ராஜா முறைத்தான். பிறகு சிரித்துவிட்டான். கிறுக்குப் பிடித்தவன்தான், ஆனால் தோற்றால் ஒப்புக்கொள்வான். ஆணை கிழிந்தது. அழகாத்தாளின் கட்டு அவிழ்ந்தது. அவள் மகளுக்கு வைத்தியம் பார்க்க அரண்மனை வைத்தியர் கிணற்றுத் தண்ணீரோடு ஓடினார். மந்திரியின் கழுத்தில் முத்துமாலை விழுந்தது.

"மாலை இருக்கட்டும். ஒரு சட்டம் வேண்டும்" என்றார் பிச்சாண்டியார். "ஊருணியில் யார் கழிவை விட்டாலும், அது அரண்மனையே ஆனாலும், அவர்களே தூர்வாரித் தரவேண்டும். தூர்வாரினார்களா என்று தெரிய, அமாவாசைதோறும் ஊரார் முன்னால் முதல் செம்புத் தண்ணீரை ராஜா குடிக்கவேண்டும். அடுத்தது நான், அப்புறம் தளவாய்."

"நானா?"

"முதல் மரியாதை, மன்னா. அதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது."

தென்னந்தோப்பு வாய்க்காலை உடையப்பனே மண்வெட்டி பிடித்து வெட்டினார். ஊர்க்காரர்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ராஜாவின் தொண்டையில் இறங்கப்போகிற தண்ணீர் என்றதும் அதிகாரிகளுக்கு வந்த சுறுசுறுப்பு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. சேற்றை அள்ளினார்கள், கரைக்கு வேலி போட்டார்கள், காவல் வைத்தார்கள். மழையும் பெய்தது. ஊருணி நிறைந்து தெளிந்தது.

அமாவாசையன்று மேளதாளத்தோடு எல்லோரும் கரையில் கூடினார்கள். அழகாத்தாள், பிழைத்து எழுந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். ராஜா பெருமையாக அவளைப் பார்த்தான்.

"என்னம்மா, இப்போது தண்ணீர் எப்படி இருக்கிறது?"

"மொதல்ல நீங்க குடிங்க சாமி, அப்புறம் சொல்றேன்" என்றாள் அழகாத்தாள்.